ஐந்தாம் சீலத்தில் வந்த ரயில்

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தின் கடைசியில் பௌத்த மன்றம் ஒன்று இருக்கிறது. மாடியில் கூடம். கீழே எப்போதும் பூட்டியிருக்கும் ஓர் அறை. என் மனைவி அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவள். பௌர்ணமி எந்தக் கிழமையில் வந்தாலும் அங்கே அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கொண்டாடுவார்கள். வாரநாளில் அந்தச் சந்தில் யாருக்கும் லீவு கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஞாயிறுகளில் அவளைத் தொம்மலூரிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. அவள் மாடிக்குப் போவாள். நான் எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். என் டைரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன வருடம் வரையிலான இருபத்து நான்கு வருடங்களில் ஒரு தடவைகூட நான் மேலே போனதில்லை. மழைக்காக ஒருமுறை படிக்கட்டில் ஒதுங்கியிருக்கிறேன். ஆறு படி.

நான் நாத்திக வீட்டில் வளர்ந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே மில் வேலைக்கு வந்தவர். தை மாதம் புதிய காலண்டர் வந்தால் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து மேலே இருக்கும் சாமி படத்தை வெட்டிவிட்டு, தேதிக் கட்டை மட்டும் ஆணியில் மாட்டுவார். "தேதி பாக்கறதுக்குச் சாமி எதுக்குடா?" என்பார். அதனால் மாடியில் ஒரு சிலை இருக்கிறது என்று தெரிந்ததுமே என் கணக்கு முடிந்துவிட்டது. சிலை இருந்தால் சாமி. சாமி இருந்தால் எனக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் டீக்கடைக்கு எல்லாம் கேட்கும். மூன்று சரணம், ஐந்து சீலம், எல்லாம் பாலி மொழியில். பிக்கு ஒரு வரி சொல்வார், கூடம் திருப்பிச் சொல்லும். நடுவில் ரயில் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். கேட்டுக் கேட்டு வரிகளின் வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது, அர்த்தம் தெரியாமலே.

போன வருடம் மன்றத்தின் தலைவர் மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வர என் மனைவி ஆசைப்பட்டாள். பதவிக்காக இல்லை, கீழே இருந்த அந்தப் பூட்டிய அறைக்காக. அவள் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவளிடம் வேலை செய்யும் பெண்களில் பலர் அந்தச் சந்துக்காரர்கள். கைக்குழந்தையைக் காலையில் மாமியாரிடம், மதியம் ஓரகத்தியிடம், சாயங்காலம் பக்கத்து வீட்டில் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள். அந்த அறையைக் குழந்தைக் காப்பகம் ஆக்க வேண்டும் என்று நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே கமிட்டி அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தலைவர் சொன்னால்தான் செயலாளர் சாவியைத் தருவார். அதனால் தலைவியே ஆகிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

அவளைத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் சம்மதம்தான். விதி ஒன்று மட்டும் குறுக்கே நின்றது. பொறுப்பில் இருப்பவரும் அவருடைய துணையும் சபை முன்னால் மூன்று சரணமும் ஐந்து சீலமும் ஏற்றிருக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேல," என்றாள் மனைவி. "பந்தே சொல்றத திருப்பிச் சொல்லப் போறீங்க. பாலியில இருக்கு. உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

"புரியாததைச் சொல்லக் கூடாது."

"சரி, புரிஞ்சுக்கினு சொல்லுங்க. யார் வேணாங்கறா?"

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவன். தராசோ மீட்டரோ எதுவானாலும் சோதித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். அடுத்த ஞாயிறே நோட்டில் பதினோரு கேள்விகளை எழுதிக்கொண்டு, பிக்குவை அவர் தங்கியிருந்த இடத்திலேயே பார்க்கப் போனேன். பந்தே என்பது பிக்குவைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். எனக்கு அதுவும் வரவில்லை, 'சார்' என்றுதான் ஆரம்பித்தேன். அவரும் என்னை 'சார்' என்றே கூப்பிட்டார். கோலார்ப் பக்கத்துக்காரர், கன்னடம் தாய்மொழி. காவி உடுத்துவதற்கு முன்பு மின்சார மீட்டர் ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம்.

முதல் கேள்வி, உலகத்தைப் படைத்த ஒருவர் இருக்கிறார் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்பது.

"யாரு சார் கேட்டாங்க? நம்ம ஃபாரத்துல அந்தக் கட்டமே இல்ல."

"புத்தரிடம் வேண்டிக்கொண்டால் நடக்குமா?"

"அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு."

"அப்படியானால் சிலை முன்னால் எதற்குக் குனிய வேண்டும்?"

"நோடி, பாருங்க சார், உங்க ஆபீஸ்ல வேல நல்லா தெரிஞ்ச பெரியவரு ஒருத்தர் உள்ள வந்தா எழுந்து நிக்க மாட்டீங்களா? ப்ரமோஷன் கேக்கறதுக்கா நிக்கறீங்க?"

"சில பேர் அதற்குத்தான் நிற்கிறார்கள்."

"இங்கயும் சில பேர் அதுக்குத்தான் குனியறாங்க," என்று அவர் சிரித்தார்.

நான்காவது கேள்வி மறுபிறவி பற்றியது. "பெரியவங்க சொல்லியிருக்காங்க. நான் இன்னும் பாக்கல. பாக்காத மீட்டருக்கு நான் ரீடிங் எழுதினதில்ல சார்."

மீதி ஏழு கேள்விகளைக் கேட்காமலே நோட்டை மூடினேன். வாழ்நாள் முழுவதும் என் நாத்திகத்துக்காக வாதாடத் தயாராக இருந்தவன் நான். அதை யாரும் கேட்கவே போவதில்லை என்று தெரிந்தபோது, குடையோடு கிளம்பிப் போன இடத்தில் மழையே இல்லாதது போல இருந்தது.

எழுந்தபோது அவர் ஒரு தாளைக் கொடுத்தார். "சாரு கேள்வியெல்லாம் மேல இருக்கறதப் பத்தியே கேட்டீங்க. நாங்க கேக்கறது இந்த அஞ்சுதான். தமிழ்ல அர்த்தம் இருக்கு. படிச்சுட்டு வாங்க."

பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். உயிரைக் கொல்வதில்லை. கொடுக்காததை எடுப்பதில்லை. முறை தவறிய உறவு இல்லை. பொய் பேசுவதில்லை. போதை தருவதைக் குடிப்பதில்லை. கட்டளைகள் இல்லை; இப்படிப் பழகிக்கொள்ள முயல்வேன் என்று நாமே ஏற்பது. அதனால்தான் சிக்கல். கட்டளை என்றால் எதிர்த்திருப்பேன்.

முதல் சீலத்துக்கு எதிரே 'கொசு' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டேன். அன்று மாலையே கொசு அடிக்கும் மட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கொசுவலை வாங்கி வந்தேன். அடுத்த மூன்றில் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. ஐந்தாவதில் நின்றுவிட்டேன். சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு ஒரு பீர். ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. பத்தொன்பது வருடப் பழக்கம்.

"சனிக்கிழமை பீரை என்ன செய்வது?" என்று சமையலறையில் நின்று கேட்டேன்.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இன்னாங்க இது? எங்கண்ணன் முப்பது வருஷமா அஞ்சையும் சொல்லிக்கினு வருது. தெனம் ரம்மு போடுது."

"அது அவர் கணக்கு."

"வுட்டுடப் போறீங்களா அப்போ?"

"இல்லை. அதனால்தான் கேட்கிறேன்."

கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அந்தப் பூட்டிய அறை தெரிந்தது. பிறகு, ஃபேக்டரியில் அறுந்த நூலுக்கு வழி கண்டுபிடிப்பவளைப் போல, மெதுவாகச் சொன்னாள். "நாப்பது பேரு ஒண்ணா சொல்வாங்க. நாலு வரைக்கும் சத்தமா சொல்லுங்க. அஞ்சாவதுல வாய மூடிக்கோங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கு அது சரியாகப்பட்டது. செய்யாததைச் செய்வதாகச் சொல்லப் போவதில்லை, அவ்வளவுதான். டைரியில் 'தீர்ந்தது' என்று எழுதினேன்.

அடுத்த பௌர்ணமி ஞாயிறு காலை 9.50க்கு முதல் முறையாக மாடி ஏறினேன். பதினெட்டுப் படி. கூடம் சிறியது. ஜமக்காளம், மேடையில் வெள்ளைச் சிலை, அதன் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரும் செவ்வந்திப் பூவும். ரயில் பாதை மேட்டில் போவதால் கூடத்து ஜன்னலும் ரயில் ஜன்னலும் ஒரே உயரத்தில் இருந்தன. ஜன்னலோரம் என் மச்சான் உட்கார்ந்திருந்தார், மனைவியின் அண்ணன். ரயில்வேயில் ஷண்டிங் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ரயில் வந்தால் கையைத் தூக்குவதும் போனதும் இறக்குவதும் அவர் பொறுப்பு.

"வா மாப்ள," என்றார். "டீக்கடக்காரன் உன்ன காணோம்னு போலீஸ்ல சொல்லப் போறான்."

ஆரம்பிக்கும் முன் பிக்கு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். செயலாளர் எழுந்தார். தபால் ஆபீஸில் இருந்தவர். எதையும் முத்திரை குத்துவதைப் போலச் சொல்வார். "சார் மேல மரியாத உண்டு. ஆனா அவரு நாத்திகரு. சாமியே இல்லங்கறவரு."

"நம்மகிட்ட மட்டும் சாமி கீதா?" என்றார் மச்சான். "உன் ஸ்கூட்டர்லதான் எலுமிச்சம்பழமும் மொளகாயும் தொங்குது. அது எந்த சூத்திரத்துல வருதுப்பா?"

"அது வீட்டுல கட்டி வுட்டது."

கூடம் சிரித்தது. பிக்குவும் சிரித்தார். "சாமி இல்லன்னு சொல்றது இங்க தப்பில்ல சார். உக்காருங்க." நாத்திகம் பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது. என் கடிகாரப்படி ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

மூன்று சரணங்களையும் சொன்னேன். வழி காட்டியவர், வழி, கூட நடப்பவர்கள் என்று பிக்கு அர்த்தம் சொல்லியிருந்தார். அதில் எனக்குத் தடையில்லை. முதல் சீலம் சொன்னேன். இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது முடிந்ததும் மச்சான் கையைத் தூக்கினார்.

ரயில் வந்தது. வந்து, போகாமல், சிக்னலுக்காக எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றுவிட்டது. வாயில் பிரஷ்ஷோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"மெஜஸ்டிக் ஸ்டேஷன் வந்துடுச்சாண்ணா?"

"இன்னும் அர கிலோமீட்டர் கீது. எறங்கிடாத," என்றார் மச்சான்.

அடுத்த பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பெண் கையை ஆட்டினாள். கூடத்துப் பெண்கள் ஆட்டினார்கள். பிறகு எல்லோரும் ஆட்டினோம், பிக்கு உட்பட. எந்த ஊர் வண்டி, ஏன் லேட்டு என்று இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே பேச்சு நடந்தது. ஏழு நிமிடம் கழித்துத்தான் ரயில் நகர்ந்தது.

"எங்க விட்டோம்?" என்று கேட்டார் பிக்கு.

மூன்று என்றார் ஒருவர். நான்கு என்றார் இன்னொருவர். செயலாளர் திட்டமாகச் சொன்னார். "அஞ்சும் முடிஞ்சுது பந்தே. ரயிலு வந்ததே அதுக்கப்புறம்தான்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்க வேண்டாம் என்று அர்த்தம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அறை அவளுக்கு. ஆனால் தப்பான எண்ணை யாராவது சொல்லக் கேட்டால் என் வாய் என்னைக் கேட்பதில்லை.

"நாலுதான் முடிந்தது," என்றேன். "ஐந்தாவது இனிமேல்தான்."

"சரியா சொன்னீங்க சார்," என்றார் பிக்கு. ஐந்தாவது வரியைச் சொன்னார். கூடம் திருப்பிச் சொன்னது. ஆனால் திருத்தம் சொன்னவன் என்பதால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்கள். மூடிய என் வாயை நாற்பது பேர் பார்த்தார்கள்.

"சார் சொல்லலியே," என்றார் செயலாளர்.

வேறு வழியில்லை. சனிக்கிழமை பீரைச் சொன்னேன். நேரம், அளவு, எத்தனை வருடம் என்பது உட்பட. எங்கோ ஒருவர் பொத்திக்கொண்டு சிரித்தார். மனைவி ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"விதியில அஞ்சுன்னு இருக்கு," என்றார் செயலாளர். "நாலு எடுத்தவரு வீட்டம்மா எப்படித் தலைவி ஆவறது?"

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "அப்ப நான் இன்னா? முப்பது வருஷமா அஞ்சு சொல்றேன். சாயங்காலம் என் வூட்டுக்கு வந்து பாரு."

"நீ சொல்லிட்ட இல்ல, அது போதும்."

"சொன்னா போதுமா? அப்ப இந்த ஆளு சொல்லாம இருந்தது தப்பா?"

பிக்கு கையைத் தூக்கினார், ரயில் இல்லாமலே. "முடிஞ்சத மட்டும் எடுத்துக்கற வழக்கம் பல ஊர்ல உண்டு. ஒண்ணு ஒண்ணா எடுக்கலாம். திரும்பவும் சொல்வோம். காப்பாத்த முடியும்னு நெனைக்கறவங்க மட்டும் சொல்லுங்க. மத்தவங்க சும்மா இருங்க. யாரும் யாரையும் பாக்க வேணாம்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

முதல் சீலத்தில் மீன் விற்கிற அம்மா கையைத் தூக்கினார். "நான் வெட்டறது செத்த மீனுதான் பந்தே. சொல்லலாமா?" சொல்லலாம் என்றார் பிக்கு. அந்த அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். இரண்டாவதில் மச்சான் சும்மா இருந்தார். வீட்டில் ஒரு ரயில்வே போர்வை இருப்பதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். மூன்றாவது, முறை தவறிய உறவைப் பற்றியது, அன்று காலை அந்தக் கூடத்திலேயே மிகப் பலமாக ஒலித்த வரி. எல்லோருடைய மனைவிகளும் பக்கத்தில் இருந்தார்கள்.

நான்காவது, பொய் பேசுவதில்லை. மீன்காரம்மாவின் குரலும் மச்சானின் குரலும் தவிர கூடம் ஏறக்குறைய அமைதியாகிவிட்டது. வீட்டு புரோக்கர் ஒருவர் தரையைப் பார்த்தார். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் மனைவி சொல்லாமல் இருப்பதைக் கவனித்தேன். அவள் என்னைப் பார்த்து, லேசாகப் புருவத்தை உயர்த்தினாள். எங்கள் சமையலறைத் திட்டம் எனக்கு ஞாபகம் வந்தது. நாற்பது குரல்களுக்குள் ஒளிந்துகொள்ள வந்தவன்தானே நான்? கொசுவுக்குக் கேள்விக்குறி போட்ட நான் இதற்கு எதுவுமே போடவில்லை. வாயை மூடிக்கொண்டேன். நான்கு என்று நினைத்து வந்தவனுக்கு மூன்றுதான் தேறியது.

ஐந்தாவதைப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆண்களில் மூன்று பேர்.

"எனக்கு நாலு," என்றார் செயலாளர், கண்ணைத் திறந்து, தனக்குத்தானே சொல்வது போல.

"எனக்கு மூணு மாப்ள, உனக்கு?"

"எனக்கும் மூன்றுதான் மச்சான்."

"நானும் நாலுதான்," என்றாள் மனைவி. "நாலாவது வுட்டுப் போச்சு."

செயலாளர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் சிரித்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். "விதிப்படி பாத்தா இந்தக் கூடத்துல மீன்காரம்மா ஒருத்திதான் தலைவி ஆவ முடியும்."

"எனக்கு வேணாம்பா," என்றார் அந்த அம்மா. "கடைய மருமவகிட்ட வுட்டுட்டு வந்துகீறேன். எல்லாத்தையும் பாதி வெலைக்குக் குடுத்துனுருப்பா. இந்தப் பாப்பாவத் தலைவியாப் போட்டுட்டு என்ன அனுப்புங்க."

அப்படித்தான் என் மனைவி தலைவி ஆனாள். யாருக்கு எத்தனை சீலம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார் பிக்கு. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. ஆனால் அதை நான் சொல்லவில்லை. செயலாளர் ஸ்கூட்டர் சாவிக் கொத்திலிருந்து ஒரு பித்தளைச் சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கீழே இறங்கிப் போகும்போது எலுமிச்சம்பழத்தை ஒருமுறை பார்த்தார். கழற்றவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது சிவாஜி நகர் சிக்னலில் நின்றோம். மனைவி என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, நாலுதான் முடிஞ்சுதுன்னு சொல்லாம இருக்க முடியலையா?"

"முடியவில்லை."

"தெரியும். நீங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அறையைச் சுத்தம் செய்ய இரண்டு ஞாயிறுகள் ஆயின. உடைந்த நாற்காலிகள் முப்பத்தொன்று, ஒரு ஆர்மோனியம், ஒரு ஒலிபெருக்கி. மச்சான் சுண்ணாம்பு அடித்தார். அந்த இரண்டு நாளும் குடிக்கவில்லை என்று தானாகவே வந்து சொன்னார். ரயில்வே போர்வையைத் துவைத்துக் கொண்டுவந்து தொட்டிலுக்குப் போட்டார். அது கொடுக்காததை எடுத்ததில் சேருமா, திருப்பிக் கொடுத்ததில் சேருமா என்று அவருக்கும் எனக்கும் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. இன்னும் முடியவில்லை. நடுவில் வந்த சனிக்கிழமைகளில் நான் நண்பர்களோடு உட்கார்ந்தேன். ஒரு பீர். நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நிறுத்தவில்லை.

காப்பகம் திறந்த திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, குழந்தைகளுக்கான எடை மெஷினை எடைக்கற்கள் வைத்துச் சோதித்துக் கொடுக்கப் போனேன். முதலில் வந்தது மனைவியின் ஃபேக்டரியில் காஜா எடுக்கும் பெண், இடுப்பில் ஆண் குழந்தை. படிக்கட்டு ஓரத்துச் சின்னப் புத்தர் சிலையைப் பார்த்து நின்றாள்.

"இது இன்னா சாமிக்கா? வேண்டிக்கினா நடக்குமா?"

"சாமி இல்லம்மா. வேண்டுதல்லாம் ஒண்ணும் கெடையாது," என்றாள் மனைவி. "மாத்துத் துணி எடுத்தாந்தியா?"

"எடுத்தாந்தேன்."

"அப்ப வுட்டுட்டுப் போ. அஞ்சரைக்கு வந்துடு. லேட்டு பண்ணாத."

அவள் சிலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை அழவில்லை. மெஷினில் உட்கார வைத்தேன். ஏழு கிலோ இருநூற்று நாற்பது கிராம். கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததால் இருபது கிராம் முன்னே பின்னே இருக்கலாம்.